பாய்லர்காரரின் வாக்குமூலம்

பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்று புது இன்ஸ்பெக்டர் மூன்று நாள் படித்துவிட்டு வந்திருந்தார். குளிரூட்டிய அறை, மதியம் சாப்பாடு, ஆளுக்கு ஒரு தோள்பை, கடைசி நாள் குரூப் போட்டோ. போகும்போது சாதாரண இன்ஸ்பெக்டராகப் போனவர், திரும்பி வரும்போது மனிதர்களின் உள்ளே கிடப்பதை வெளியே நின்றபடியே படித்துவிடுகிறவராக வந்து இறங்கினார். வந்ததும் ஸ்டேஷனில் இருந்த லத்திகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். அதுவரைக்கும் பாராட்டலாம். அடுத்து ஒரு தச்சரை வரவழைத்து, விசாரணை அறை நாற்காலியின் முன்கால்கள் இரண்டிலும் இரண்டு விரற்கடை அறுத்துவிடச் சொன்னார். அதில் உட்காருகிறவன் வழுக்குவான். வழுக்குகிறவன் நெளிவான். நெளிகிறவன் பொய் சொல்கிறான். படிப்பு என்றால் சும்மாவா?

அந்த நாற்காலியில்தான் பாய்லர்காரர் திங்கட்கிழமை காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி தூக்குச்சட்டியோடு ஸ்டேஷன் வராந்தாவில் நின்றாள். விடாத தூறல். புடவைத் தலைப்பைச் சட்டிமேல் போட்டு மூடிக்கொண்டு வந்ததில் சோறு நனையவில்லை, அவள் நனைந்திருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில்தான் வேலை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம். அவர் பாய்லரில் நீராவி தயார் பண்ணுவார். அவள் அந்த நீராவியில் சூடாகிற உருளைகளிலிருந்து படுக்கை விரிப்புகளை இழுத்து மடிப்பாள். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. மடித்து மடித்து, பேசும்போதுகூட அவள் கைகள் எதையாவது நீவிக்கொண்டிருக்கும்.

"உள்ள விட மாட்டாங்களா ஏட்டய்யா?"

"இரும்மா. உள்ள கண்ணைப் பாத்துக்கிட்டிருக்காரு" என்றார் ஏட்டு. முப்பது வருஷ சர்வீஸில் ஐந்து இன்ஸ்பெக்டர்களைப் பார்த்த மனிதர். ஆறாவதுக்கு அவர் முகத்தில் புதிதாக ஒரு களைப்பு வந்திருந்தது.

"யாரு கண்ணை?"

"உன் புருஷன் கண்ணைத்தான். நேத்துலேருந்து."

காணாமல் போனது ஒரு சேஃப்டி வால்வு. பித்தளை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். பாய்லருக்குள் அழுத்தம் அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விட்டு, எல்லார் உயிரையும் காப்பாற்றுகிற சாமான். பாய்லரின் தலையில் ஒன்று இருக்கும். அதற்கு மாற்றாக ஸ்டோரில் ஒன்று இருக்கும். ஸ்டோரில் இருந்ததுதான் போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் ஸ்டோர்காரர் ஓடிவந்து, 'பாய்லர் சேஃப்டி வால்வு ஒன்று காணவில்லை' என்று எழுதிக்கொடுத்தார். எந்த வால்வு என்று எழுதவில்லை. ஸ்டோர் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று பாய்லர்காரரிடம். இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஸ்டோர்காரர் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து டீ குடிக்கப் போனார். பாய்லர்காரர் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பாய்லர் அறைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அவர் படித்தது முகங்களை. முகம் ஸ்டேஷனிலேயே இருக்கும்போது இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

கதவு திறந்தது. "அந்தம்மாவை வரச் சொல்லுங்க."

அவளுக்கு நான்கு காலும் ஒழுங்காக இருந்த நாற்காலி கிடைத்தது. இன்ஸ்பெக்டர் தலை படிய வாரியிருந்தார். மேஜைமேல் அந்தத் தோள்பை. அதன்மேல் ஒரு சின்னப் புத்தகம்.

"உன் புருஷன் நல்ல மனுஷன்தான்மா. ஆனா பொய் சொல்றார்."

"என்ன பொய் சார் சொன்னாரு?"

"என்ன பொய்ங்கிறது அப்புறம். பொய்ங்கிறது முதல்ல." அவர் புத்தகத்தைத் திறந்தார். "எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். முதலாவது, கேள்வி கேட்டா என் கண்ணைப் பாக்க மாட்டேங்கிறார். வாயைப் பாக்கிறார்."

"பாய்லர் ரூம்ல காதே கேக்காது சார். வாய் அசையறதைப் பாத்துத்தான் என்ன பேசறாங்கன்னு புரிஞ்சுக்கணும். பத்தொம்பது வருஷப் பழக்கம். கல்யாணத்தன்னிக்கு என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான்கூட வேற என்னமோன்னு நினைச்சுட்டேன்."

மூலையில் நின்ற ஏட்டுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ரெண்டாவது, ஒரு இடத்துல நிலையா உக்காரலை. நெளியறார்."

"காலை அறுத்த நாற்காலியில நீங்க உக்காந்தாலும் நெளியத்தான் செய்வீங்க."

"மூணாவதுதான் முக்கியம்." அவர் குரலைத் தாழ்த்தினார், ஏதோ ரகசியம் சொல்வது போல. "எதைக் கேட்டாலும் அதையே திருப்பிச் சொல்றார். 'சனிக்கிழமை காலையில எங்க இருந்தே'ன்னு கேட்டா, 'சனிக்கிழமை காலையில எங்க இருந்தே'ன்னு சொல்லிட்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கார். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பதில் வருது. பொய்யைத் தயார் பண்றதுக்கு அவகாசம் தேடறது. பன்னெண்டாம் பக்கம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் அவரைக் 'கிளியண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் கிளிப்பிள்ளை மாதிரி ஒருமுறை சொல்லிப்பார்ப்பார். வீட்டில் 'உப்பு எடுங்க' என்றால் 'உப்பு எடுக்கறேன்' என்று சொல்லிவிட்டு அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருப்பார்.

"சார், அது பாய்லர்காரங்க வேலைமுறை. சலவைத் தொட்டிகிட்ட இருந்து ஒருத்தி 'மூணுக்கு ஆவி விடு'ன்னு கத்துவா. அவர் உள்ளேருந்து 'மூணுக்கு ஆவி'ன்னு திருப்பிக் கத்துவாரு. அவ 'சரி'ன்னு சொன்னாத்தான் வால்வைத் திறப்பாரு. மூணுன்னு சொன்னது நாலுன்னு காதுல விழுந்தா, நாலாம் தொட்டிக்குள்ள கைய விட்டிருக்கிறவ கதி என்ன?" அவள் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் சுருங்கி, மெழுகு வழிந்தது மாதிரி இருந்தது. "இது இவருக்கு முன்னாடி இருந்த ஆள் பண்ணினது. அவர் கேள்வியைத் திருப்பிச் சொல்ல மாட்டாரு சார். ரொம்ப சுறுசுறுப்பு."

இன்ஸ்பெக்டர் கையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்தில் கை இல்லை.

"நீ ரொம்ப விவரமா பேசறே" என்றார். "அளவுக்கு மீறி விவரம் சொல்றதும் ஒரு அறிகுறிதான்."

"கொஞ்சமா சொன்னா?"

"மறைக்கிறதா அர்த்தம்."

"அப்போ ஸ்டோர்காரரு?"

"அவர்கிட்ட எனக்கு அஞ்சே நிமிஷம்தான் ஆச்சு. கண்ணுக்குக் கண் பாத்துப் பேசினார். இமைக்கலை, தடுமாறலை, கேட்ட உடனே பதில்."

"ஏழு வருஷமா அவர் எங்களுக்கு 'சோப்பு இன்னும் வரலைம்மா'ன்னு கண்ணுக்குக் கண் பாத்துத்தான் சார் சொல்லிக்கிட்டிருக்காரு. எங்க சோப்பு கடைத்தெருவுல விக்குது."

"மத்தவங்க மேல பழியைத் திருப்பறது" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அது பாய்லர்காரரின் சர்டிபிகேட். பரீட்சை எழுதி வாங்கியது. அது இல்லாமல் எந்த ஊரிலும் எந்தப் பாய்லரையும் தொட முடியாது. வீட்டில் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருப்பார். இப்போது அதன் ஓரத்தில் குண்டூசி குத்தி, கேஸ் கட்டோடு சேர்த்திருந்தார்கள்.

"திருட்டு ஒத்துக்கிட்டார்னா இது ரத்தாயிடும். அதுக்கு முன்னாடி வால்வைத் திருப்பிக் குடுத்துட்டா, நானே நல்லவிதமா எழுதறேன். வீட்டுல எங்க இருக்குன்னு நீ சொல்லு."

"சட்டியை உள்ள குடுக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"பசி இருக்கட்டும். பசியில உண்மை மேல வரும்."

சோற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். வராந்தா ஜன்னல் வழியாக ஒரு நொடி அவர் தெரிந்தார். வழுக்கிக்கொண்டே வந்து, கால்களை ஊன்றி, பின்னால் தள்ளி, மறுபடி வழுக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ராத்திரி முழுக்க எரிந்த விளக்கு இன்னும் எரிந்தது. கண்கள் இரண்டும் ரத்தக் கட்டிகளாக இருந்தன. அந்தக் கண்களில்தான் உண்மையைத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் சலவைக்கூடத்தில் வேலை இழுத்துக்கொண்டே போனது. தூறல் நிற்காததால் வெளிக் கொடியில் ஒரு துணியும் காயவில்லை. எல்லாம் உருளைக்கே வந்தன. பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து பாய்லருக்கு ஓர் இரவல் ஆள் வந்திருந்தான். சர்டிபிகேட் உள்ளவன்தான். ஆனால் இந்தப் பாய்லரின் குணம் தெரியாமல், விறகை அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். திருப்பிச் சொல்லவும் இல்லை. தொட்டிப் பெண்கள் 'சரி' சொல்வதற்கு ஆளில்லாமல், கைகளை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

கிழிசல் தைக்கிற மேஜையில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பாய்லர்காரரின் அக்கா. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு இருக்கிறாள். ஊசியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"சாப்பிட்டானாடி?"

"விடலை அண்ணி. பசியில உண்மை மேல வருமாம்."

"எனக்குப் பசிச்சா கெட்ட வார்த்தைதான் மேல வரும். அந்தக் கண்ணு டாக்டரை ஒருவேளை என்கூடப் பட்டினி கிடக்கச் சொல்லு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கண்ணைப் பாத்துத் திருடனைக் கண்டுபிடிக்கிறானாமே? எங்க வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து, என் கண்ணையே பாத்து, 'தொடவே இல்லை'ன்னு சொல்லுவார். அசையாம சொல்லுவார். அசைஞ்சா விழுந்துருவார்."

"சர்டிபிகேட்டைக் கட்டோட சேத்துட்டாங்க அண்ணி."

ஊசி நின்றது.

"அதையுமா?"

"ஒத்துக்கிட்டா ரத்தாம்."

"என் தம்பி எதை ஒத்துக்குவான்? சின்ன வயசுல நான் உடைச்ச கண்ணாடிக்கு அவனை அடிச்சாங்க. அப்பகூட 'நான் இல்லை'ன்னுதான் சொன்னான். என் பேரையும் சொல்லலை, 'நான்தான்'னும் சொல்லலை. அப்படி ஒரு ஜென்மம்." கொஞ்ச நேரம் தைத்தாள். "ஆனா தூங்க விடாம வச்சா மனுஷன் என்ன ஆவான்னு தெரியாதுடி. நீ காலையிலேயே போ."

புதன்கிழமை காலையிலேயே போனாள். ஏட்டு அவளை வாசலிலேயே மடக்கி, வேலியோரம் அழைத்துப் போனார்.

"ஒத்துக்கிட்டார்ம்மா."

"என்ன ஒத்துக்கிட்டாரு?"

"எழுதினதே நான்தான். கேளு." ஏட்டு மடித்துவைத்திருந்த நகலை எடுத்துத் தாழ்ந்த குரலில் படித்தார். "'சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, சலவைக்கூடம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, இரைச்சலில் சத்தம் கேட்காது என்று திட்டமிட்டு, நான் பாய்லரின் மேல் ஏறி, சேஃப்டி வால்வை ஸ்பானரால் கழற்றி, விரிப்பில் சுற்றி, பின்வாசல் வழியாக எடுத்துச் சென்றேன்.'"

"இதை அவரு சொன்னாரா?"

"இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வரியா சொன்னார். உன் புருஷன் ஒவ்வொரு வரியா திருப்பிச் சொன்னாரு. 'எழுது எழுது'ன்னார். எழுதினேன்."

"திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் ஒண்ணும் சொல்லலையா?"

ஏட்டு தூறலைப் பார்த்தார். "'இல்லை சார்'னு சொன்னாரு. ஒவ்வொரு வரிக்கும் சொன்னாரு. அதை எழுத வேண்டாம்னுட்டார். எதிர்ப்பு ஓயற கட்டத்துல அப்படித்தான் வருமாம். பதினெட்டாம் பக்கம்."

"கையெழுத்து?"

"தூக்கக் கலக்கத்துல பேனாவைக் குடுத்தாங்க. போட்டாரு."

அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அந்த வரியை இன்னொரு தரம் படிங்க" என்றாள். படித்தார். பாய்லரின் மேல் ஏறி. ஏழு மணிக்கு. முழு வேகத்தில் ஓடும்போது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. ஏட்டு பயந்துபோனார். கதவு திறந்து இன்ஸ்பெக்டரே எட்டிப் பார்த்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். எப்படிக் கழட்டினாருன்னு அங்க வந்து செஞ்சு காட்டச் சொல்லுவீங்கதானே?"

"நிச்சயமா. பதினொரு மணிக்கு. வீடியோ எடுக்கப் போறோம்." உள்ளே திரும்பியவர் ஏட்டிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "அந்தம்மாவும் உடந்தை. குற்ற உணர்ச்சியில வர்ற சிரிப்பு அது."

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. பாய்லர்காரர் கைவிலங்கோடு இறங்கினார். இரண்டு நாளில் இரண்டு வயது கூடியிருந்தது. மனைவியைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார். அவள் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, 'பயப்படாதீங்க' என்றாள். அவர் உதடும் அசைந்தது.

செய்தி ஒரு நொடியில் கூடம் முழுக்கப் பரவியது. தொட்டிப் பெண்கள் தொட்டிகளை நிறுத்திவிட்டு வந்தார்கள். உருளைப் பெண்கள் உருளைகளை நிறுத்திவிட்டு வந்தார்கள். நாத்தனார் கையில் கத்திரிக்கோலோடு வந்தாள். நாற்பது பேர் பாய்லர் அறை வாசலை அடைத்து நின்றார்கள். பாய்லர் மட்டும் அடியில் விறகு திகுதிகுவென்று எரிய, உறுமிக்கொண்டிருந்தது. இரவல் ஆள் போலீசைப் பார்த்த பரபரப்பில் இன்னும் இரண்டு கட்டையைத் திணித்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டான்.

அழுத்தம் காட்டுகிற முள் வழக்கமான ஏழைத் தாண்டி நகர்வதை அவள் பார்த்தாள். நீராவியை இழுக்கிற யந்திரம் ஒன்றுகூட ஓடவில்லை. உள்ளே சேருகிற ஆவிக்குப் போக்கிடமே இல்லை. 'போய் உருளையை ஓட்டுங்கடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முள் இறங்கிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கேமராவை நேரா பிடி" என்றார் இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம். பிறகு பாய்லர்காரரின் கைவிலங்கை அவிழ்த்து, ஸ்பானரை நீட்டினார். "ஏறு. சனிக்கிழமை வால்வை எப்படிக் கழட்டினேன்னு செஞ்சு காட்டு."

"ஏறணும். வால்வைக் கழட்டிக் காட்டணும்" என்றார் பாய்லர்காரர். சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்.

"அதைத்தானே சொன்னேன்!"

"'சரி'ன்னு சொல்லணும் சார்" என்றாள் ஒரு தொட்டிப் பெண்.

"சரி! ஏறு!"

பாய்லர்காரர் ஏணியில் ஒரு கால் வைத்தார். மேலே பார்த்தார். முள்ளைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

"சார், எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

"ஏன்? கூட்டத்தைப் பாத்தா கூச்சமா இருக்கா?"

"அது இல்ல சார். இன்னும் ஒரு நிமிஷத்துல இது கத்தும்."

இன்ஸ்பெக்டர் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். "கவனிச்சுக்கோங்க. பேச்சை மாத்தறார். எங்கேயோ பாக்கிறார். இங்க பாரு, என் கண்ணைப் பாத்து அதைச் சொல்லு."

பாய்லர்காரர் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். நாற்பது பெண்களும் பொத்திக்கொண்டார்கள். ஏட்டு அவர்களைப் பார்த்துத் தானும் பொத்திக்கொண்டார்.

பாய்லரின் தலையில் இருந்த சேஃப்டி வால்வு திறந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கே காது அடைத்துப்போகும். கூரைக் குழாய் வழியாக வெள்ளை வெளேரென்று ஆவி பீறிட்டது. தகரம் அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் வாய் திறந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஒரே தாவலில் வாசலைத் தாண்டி, அழுக்குச் சோப்புத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் முகம் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். கான்ஸ்டபிள் ஓடிவிட்டான். அவன் கையில் கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பாய்லர்காரர் நிதானமாக நடந்துபோய், அடுப்புக்குக் காற்று விடுகிற கதவை இறக்கினார். தண்ணீர்ப் பம்பைத் திறந்தார். இரவல் ஆளின் தோளைத் தட்டி, அடுப்பிலிருந்து இரண்டு கட்டையை வெளியே இழுக்கச் சொன்னார். முள் இறங்கியது. வால்வு தும்மல் போட்டதுபோல ஒருமுறை துப்பிவிட்டு, தானாக மூடிக்கொண்டது.

கால்வாயிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்தார். மீசையில் நுரை.

மனைவி முன்னே வந்தாள். சத்தம் போடவில்லை. விரிப்பை மடிக்கிற குரலில் கேட்டாள்.

"இதைத்தான் சார் அவர் சனிக்கிழமை கழட்டி எடுத்துட்டுப் போனாருன்னு எழுதியிருக்கீங்க. அப்போ இப்ப கத்தினது யாரு?"

முதலில் நாத்தனார்தான் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. ஏட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது.

"ஓடுற பாய்லர்ல அதைக் கழட்டியிருந்தா அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்க முடியாது சார்" என்றாள் மனைவி. "கூரையிலேருந்துதான் பொறுக்கியிருக்கணும். போனது ஸ்டோர்ல இருந்த மாத்து வால்வு. ஒரு தரம் இங்க வந்து பாத்திருந்தா யாராவது சொல்லியிருப்பாங்க. இது அவர் வாக்குமூலம் இல்ல. உங்களோடது. பாய்லரைக் கண்ணால பாக்காதவங்கதான் இப்படிச் சொல்ல முடியும்."

இன்ஸ்பெக்டருக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. இரவல் ஆள் மேல் பாய்ந்தார். "போலீசைக் கொல்லப் பாத்தியா? உன்னை உள்ள வைக்கறேன் பாரு!"

"எனக்கு எதுக்குங்க வம்பு, நான் இரவல் ஆளு" என்று அவன் அடுப்பை அணைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சாயப்பட்டறைக்கே போய்விட்டான். பாய்லர் அடங்கியது. பாய்லர்காரரை மறுபடி ஜீப்பில் ஏற்றினார்கள். மனைவி பின்னாலேயே நடந்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வேறு சட்டை, வேறு பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பெரிய ஆபத்து. தலை துவட்டுகிற நேரத்தில் மனிதர் யோசித்திருக்கிறார்.

"முதல் நாளே நான் என்ன சொன்னேன்?" என்று ஏட்டைப் பார்த்துக் கேட்டார். "இவர் பொய் சொல்றார்னு சொன்னேனா இல்லையா? இப்ப என்ன ஆச்சு? வாக்குமூலம் பொய். யார் சொன்ன பொய்? இவர் சொன்ன பொய். என் கணிப்பு சரிதான்."

ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"சரி, மன்னிச்சு விட்டுடறேன். ஒரே ஒரு காகிதம்." எழுதித் தயாராக வைத்திருந்ததை மேஜையில் தள்ளினார். "'விசாரணை அதிகாரியிடம் நான் வேண்டுமென்றே பொய் சொன்னேன்.' ஒரு வரிதான். என் முன்னாடி வாயால சொல்லிட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம். சொல்லு. நான் பொய் சொன்னேன்."

பாய்லர்காரர் அவர் வாயைப் பார்த்தார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஏட்டு பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். சொல்லிவிடுவார். இந்த மனிதர் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிவிடுவார். சொன்னால் வீட்டுக்குப் போகலாம், சூடாக ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். சொல்லிவிட்டால்தான் என்ன என்றுகூட மனைவி ஒரு நொடி நினைத்தாள்.

"சொல்லு. நான் பொய் சொன்னேன்."

பாய்லர்காரரின் உதடு அசையவே இல்லை. நாற்காலி வழுக்கியது. காலை ஊன்றி எழுந்து நின்றுகொண்டார்.

"அது வராது சார்."

"என்ன வராது?"

"நான் முள்ளைப் பாத்து நோட்டுல எழுதறதை நம்பித்தான் நாப்பது பேர் தொட்டிக்குள்ள கைய விடறாங்க. பொய்க்காரன்னு கையெழுத்துப் போட்டுட்டு நான் அங்க போய் நிக்க முடியாது. நீங்க கோர்ட்டுக்கே அனுப்புங்க."

மனைவி ஒரு நொடி முன்னால் தான் நினைத்ததை நினைத்து வெட்கப்பட்டாள். அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அனுப்புங்க சார்" என்றாள். "அந்த வீடியோவையும் சேத்து அனுப்புங்க."

போன் அடித்தது. ஏட்டு எடுத்தார், கேட்டார், இரண்டு கையாலும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். மேலதிகாரி. ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்குப் பிறகு மாற்றுவதற்கு விரிப்பு இல்லை, ஆபரேஷன்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பெரிய டாக்டர் நேராக மேலிடத்துக்கே பேசிவிட்டார், சலவைக்கூடத்து அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரம் ஆகிறது, அங்கே சர்டிபிகேட் உள்ள ஒரே ஆளை எந்த மடையன் பிடித்து வைத்திருக்கிறான் என்று கேட்கிறார். அறை முழுக்கக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். "ஆஸ்பத்திரியில விரிப்பு இல்லை சார். ஆமா சார். இந்த நிமிஷமே ஆளை அனுப்பணும் சார். அனுப்பறேன் சார். கேஸ் கட்டை எடுத்துக்கிட்டு நான் நேர்ல வரணும் சார். வர்றேன் சார்." வரிக்கு வரி சொல்லிவிட்டு, மறுமுனையில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"போ" என்றார் கடைசியில். "காகிதம் வேண்டாம்."

பாய்லர்காரர் நகரவில்லை. "சர்டிபிகேட் சார்."

"அது கட்டுல இருக்கு. அப்புறம் வந்து..."

"அது இல்லாம அடுப்பு மூட்டக்கூடாது சார். சட்டம்."

இன்ஸ்பெக்டர் கட்டைப் பிரித்தார். குண்டூசி வளைந்து போயிருந்தது, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. விரலில் குத்தியது. மனைவி அந்தச் சர்டிபிகேட்டை வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, கிழிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

"ஏட்டு" என்றார் இன்ஸ்பெக்டர், குரலில் மறுபடி கொஞ்சம் விறைப்பு ஏற்றிக்கொண்டு. "அந்த ஸ்டோர்காரரை இன்னொரு தரம் கூப்பிடுங்க. சும்மா, ஒரு ஃபார்மாலிட்டிக்கு."

"அவர் ஊர்ல இல்ல சார். நேத்தே லீவு போட்டுட்டாரு. ரெண்டு பெட்டி, ஒரு கனமான கோணி. உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுத்தானே சார் போனாரு? தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு."

இன்ஸ்பெக்டர் தோள்பையின் வாரை இழுத்து நேர்செய்தார். பிறகு, வாசல் வரை போய்விட்ட மனைவியைப் பார்த்து, ஏதோ சாதாரணமாகக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"ஏம்மா, அந்த வால்வு இப்ப எங்க இருக்கும்னு நீ நினைக்கிறே?"

அவள் நின்றாள். திரும்பி, அவர் ஆசைப்பட்டபடியே, கண்ணுக்குக் கண் பார்த்தாள்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் துணி மடிக்கிறவ. மூணு நாள் படிச்சவர் நீங்க."

பாய்லர்காரர் அதற்குள் தூறலில் இறங்கி, சலவைக்கூடத்துப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார். அடுப்பு பற்றி முள் ஏழுக்கு வர, எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.